ஏழாம் எண் தேய்வதில்லை

மனிதகுலம் இதுவரை வரைந்த கோடுகளிலேயே நேரானது எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டாம் மாடிக்கு அழைத்துப் போகலாம். அங்கே ஒரு கணினித் திரை இருக்கிறது. திரையின் இடது ஓரத்தில் ஒரு கோடு புறப்பட்டு, வளையாமல், நெளியாமல், எந்தச் சபலத்துக்கும் இடம் கொடுக்காமல் வலது ஓரம் போய்ச் சேருகிறது. அளவுகோல் வைத்துப் பார்த்தவர்கள், அளவுகோலில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அது ஏழாம் எண் செல்லின் மின்னழுத்தக் கோடு. செல் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. கோட் பொத்தான் அளவுக்கு ஒரு பீங்கான் வில்லை. அதன் இரண்டு பக்கமும் மின்முனை என்ற பெயரில் ஒரு பூச்சு. அதை எண்ணூறு டிகிரி உலைக்குள் வைத்து, நீராவியை ஊட்டி, மின்சாரம் பாய்ச்சினால், தண்ணீர் பிரிந்து ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் ஆக்சிஜனும் வரும். நாளைய உலகம் இந்த ஹைட்ரஜனில்தான் ஓடப்போகிறது என்று நிறுவனத்தின் வாசற்பலகையில் எழுதியிருக்கிறது. ஒரே ஒரு சங்கடம். ஆக்சிஜன் பக்கத்து மின்முனை நாளாக ஆக, ஈரச் சுவரின் சுண்ணாம்பு மாதிரி உரிந்து வந்துவிடும். உரிய உரியக் கோடு மேலே ஏறும். ஏறாத கோட்டை எந்த ஆய்வகத்திலும் யாரும் பார்த்ததில்லை. ஏழாம் எண்ணின் கோடு மட்டும் எட்டு மாதமாக ஏறவில்லை.

இந்த அற்புதத்தால் கஷ்டப்பட்டவள் ஒரே ஒருத்திதான். அவள் அங்கே ஒப்பந்த ஆராய்ச்சியாளர். நான்கு வருடமாக ஒரு புதிய மின்முனையோடு மல்லுக்கட்டியவள். தூளை இன்னும் பொடியாக அரைத்தாள். சுடுகிற சூட்டை நூறு டிகிரி குறைத்தாள். பீங்கானுக்கும் பூச்சுக்கும் நடுவில் மெல்லியதாக ஓர் அடுக்கைச் சேர்த்தாள். முப்பத்தொன்பது வில்லைகள் உரிந்தன. நாற்பதாவது, நீராவி இல்லாத சின்ன உலையில் பத்து நாள் வைத்த சோதனையில் உரியவே இல்லை. அதை ஆயிரம் மணி நேரம் ஓட்டிக் காட்டிவிட்டால் உலகம் ஒப்புக்கொள்ளும்.

ஓட்டத்தான் இடம் இல்லை. நீராவி உலை ஒன்றே ஒன்று. ஓடுகிற செல் தேய்ந்து விழும்வரை அடுத்த செல்லை ஏற்றக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. ஏழாம் எண்ணோ தேய்வேனா என்று அடம்பிடித்தது. உலைக்குப் பக்கத்துப் பலகையில், "தற்போது: ஏழாம் எண். அடுத்து: எட்டாம் எண்" என்று எழுதியிருந்த சாக்பீஸ் எழுத்தே பாதி அழிந்துபோயிருந்தது. எட்டாம் எண் அவளுடைய அந்த நாற்பதாவது வில்லை. ஆய்வகத்தில் எல்லோரும் அவளை 'வெயிட்டிங் லிஸ்ட் மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய ஒப்பந்தம் முடியப் பத்து வாரம் இருந்தது.

இயக்குநரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போவது மரியாதை இல்லை. முப்பது வருடம் அந்த நிறுவனத்தைக் கட்டிக் காத்தவர். எதையும் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்யாதவர். கூடுமானவரை செய்யவே செய்யாதவர். எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள், தற்செயலாக ஆய்வகத்துக்குள் வந்து, திரையில் அந்தக் கோட்டைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். உலையைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "தொடாதே!" என்றார் இயக்குநர். அன்று மாலையே அந்தச் சொல்லைத் தன் கைப்பட எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, உலையின் நெற்றியில் ஒட்டச் செய்தார். அதன் பிறகு ஏழாம் எண்ணைப் பற்றி நான்கு கருத்தரங்குகளும் ஒரு சிறப்பு மலரும் வந்தன.

அவள் கணவர் பேக்கரிக்காரர். வேலை விட்டதும் அவள் நேராகப் பேக்கரிக்குத்தான் போவாள். மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, அவர் தட்டுகளை அடுப்பிலிருந்து இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறும்.

"இன்னிக்காவது செத்துச்சா?" என்று கேட்டார் கணவர். அது அவர்களுடைய அன்றாட நலம் விசாரிப்பு.

"இல்லங்க. கோடு அப்படியேதான் இருக்கு."

"கொஞ்சம்கூடவா ஏறல?"

"ஊசி முனை அளவுக்குக்கூட இல்ல. எனக்கு அழுகையா வருதுங்க. இன்னும் பத்து வாரம்தான். என் செல்ல ஒரு தடவ ஏத்திப் பாக்காமலே என்னை அனுப்பிடுவாங்க."

கணவர் ஒரு பன்னை எடுத்து அவள் கையில் வைத்தார். "இதப் பாரு. இருபது நிமிஷம்தான் உள்ள இருந்துச்சு. மேல செவந்திருச்சு, ஓரம் கொஞ்சம் கருகிருச்சு. அடுப்புக்குள்ள போனது எதுவும் போன மாதிரியே வெளிய வராது. உங்க ஆளு எட்டு மாசமா எண்ணூறு டிகிரில அப்படியே இருக்குன்னா..."

"இருக்குன்னா?"

"அது உள்ளயே போகலம்மா."

அவள் பன்னைக் கடிக்கப் போனவள், கடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை கருத்தரங்குகளில் யாருக்கும் தோன்றாத கேள்வி, கை முழுக்க மாவோடு நின்ற ஒருத்தருக்குத் தோன்றியிருந்தது.

மறுநாள் காலை, ஆய்வகத்துக்கு மற்றவர்கள் வருவதற்கு முன் அவள் உலைக்குப் பின்னால் குனிந்தாள். தொழில்நுட்பர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"மேடம், மேடம்! போர்டு போட்டிருக்கு!"

"நான் தொடலண்ணா. எட்டித்தான் பாக்கறேன்."

எட்டிப் பார்த்தாள். அளவுக் கருவியிலிருந்து வருகிற வயர்கள் உலைக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை. பாதி வழியில், ஒரு தகரத் தட்டின்மேல், விரல் நீளத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்றைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தன. அதன்மேல் எட்டு மாதத் தூசு படிந்திருந்தது.

அது 'டம்மி'. அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சாமான். செல்லை இணைப்பதற்கு முன், அளவுக் கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, செல்லுக்குப் பதிலாக ஒரு சாதாரண மின்தடையைப் பத்து நிமிடம் மாட்டிப் பார்ப்பார்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் பொட்டலம் கட்டித் தருவார்கள். மின்சாரம் பாய்ந்தால் அது லேசாகச் சூடாகும். அதைத் தவிர அதற்கு வேறு எந்த உத்தியோகமும் கிடையாது.

"அண்ணா," என்றாள் அவள் மெதுவாக. "உள்ள இருக்கற செல்?"

தொழில்நுட்பர் தலையைச் சொறிந்தார். "அது சூடேத்தும்போதே ரெண்டா வெடிச்சிருச்சு மேடம். முதல் நாளே. கோடு கன்னாபின்னான்னு வந்துச்சு. கருவிலதான் கோளாறோன்னு டம்மிய மாட்டினேன். மாட்டிட்டு நிமிர்றேன், பின்னாடி டைரக்டர் நிக்கறாரு."

"சொல்ல வேண்டியதுதானே?"

"மூணு தடவ சொல்லப் போனேன். மூணு தடவையும் 'தொடாதே'ன்னாரு. நாலாவது தடவ போனப்போ பாராட்டுப் பத்திரம் குடுத்துட்டாரு. அத வாங்கின கையோட எப்படி மேடம் சொல்றது?"

அவளுக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. எட்டு மாதமாக அவள் ஒரு மின்தடை சாவதற்காகக் காத்திருந்திருக்கிறாள். அது அவளுடைய பேரப்பிள்ளைகள் காலம்வரை சாகாது.

இயக்குநரை அழைத்து வந்து காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, டம்மியை நெடுநேரம் பார்த்தார். அவர் எதையும் இவ்வளவு நேரம் பார்த்து அவள் கண்டதில்லை.

"எட்டு மாசமா இதுவா ஓடிட்டிருக்கு?"

"ஆமா சார்."

"இதுவும் தேயலையா?"

"சார், இது மின்தடை. இது ஹைட்ரஜன் தயாரிக்காது. சும்மா இருக்கும். இதுக்குத் தேயறதுக்கு வேலையே இல்ல."

"அப்போ நிலையான பொருள்தான்னு சொல்றீங்க."

"சார், நிஜமான செல் உள்ள ரெண்டா வெடிச்சுக் கிடக்கு!"

"வெடிச்ச பிறகு தேஞ்சுதா?"

அவள் உலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"தேயல இல்ல? அப்போ நம்ம அறிக்கைல என்ன தப்பு?" இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "வியாழக்கிழமை எரிசக்தித் துறை மேலதிகாரி வர்றாங்க. இந்த நேரத்துல ஒரு விஞ்ஞானி எப்படி நடந்துக்கணும்னு நான் சொல்லித் தர வேண்டியதில்ல." உலையின் நெற்றியில் இருந்த 'தொடாதே'யைச் சுட்டிக் காட்டிவிட்டுப் போனார். நன்றியுரை சொல்லும் பொறுப்பை அவளுக்கே கொடுத்திருப்பதாக மதியம் ஒரு சுற்றறிக்கை வந்தது.

வியாழக்கிழமை வந்தது. மேலதிகாரி அம்மையாரும் வந்தார். ஆய்வகத்தைக் கழுவித் துடைத்து, டம்மி இருந்த தட்டைப் பூந்தொட்டி வைத்து மறைத்திருந்தார்கள். அன்றைய முக்கிய நிகழ்ச்சி, உலையிலிருந்து வெளியே வரும் ஹைட்ரஜனைப் பற்றவைத்து 'எதிர்காலச் சுடரை' ஏற்றுவது.

இங்கே வாசற்பலகையில் எழுதாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வெறும் நீராவியை மட்டும் ஊட்டினால் செல்லின் ஹைட்ரஜன் பக்கத்துப் பூச்சில் உள்ள நிக்கல் துருப்பிடித்துவிடும். அதனால் நீராவியோடு கொஞ்சம் ஹைட்ரஜனையும் சேர்த்து அனுப்புவது தொழில் முறை. நிமிடத்துக்கு ஐம்பது மில்லிலிட்டர். அது சிலிண்டரில் வரும். ஏழாம் எண்ணின் புண்ணியத்தில் இரண்டு சிலிண்டர் தீர்ந்து மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது.

அம்மையார் குழாய் முனையில் லைட்டரை நீட்டினார். ஹைட்ரஜன் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் எல்லோரும் கை தட்டினார்கள். இயக்குநர் ஒரு காகிதத் துண்டை அதன்மேல் காட்டினார், காகிதம் பற்றிக்கொண்டது. மறுபடியும் கை தட்டினார்கள். புகைப்படக்காரர் இன்னொரு முறை காட்டச் சொன்னார். இயக்குநர் இன்னொரு காகிதத்தைக் காட்டினார். பற்றவில்லை. திருப்பிக் காட்டினார். கொஞ்சம் கீழே இறக்கிக் காட்டினார். காகிதம் புது மாப்பிள்ளைச் சட்டை மாதிரி கசங்காமல் இருந்தது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு தொழில்நுட்பர் ஆளுயரச் சிலிண்டர் ஒன்றைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் வயிற்றில் 'ஹைட்ரஜன்' என்று முழ உயரத்துக்கு எழுதியிருந்தது.

"பழையது காலியாயிருச்சு சார்," என்றார் அவர் பவ்யமாக. "மாத்திரட்டுமா? தொடாதேன்னு போர்டு இருக்கு, அதான் ஒரு வார்த்த கேட்டுட்டு..."

அம்மையார் சிலிண்டரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார்.

"இது ஹைட்ரஜன் எடுக்கற உலையா, குடுக்கற உலையா?"

"தொடக்கத்துக்குக் கொஞ்சம் ஊட்டணும் மேடம். தாய்ப்பால் மாதிரி," என்றார் இயக்குநர்.

"எட்டு மாசமாவா? சரி, எவ்வளவு உள்ள போகுது?"

சிலிண்டர் தீர்வதற்கு முன் அளவுமானியில் பதிவாகி நின்ற எண்ணை இயக்குநர் பார்த்தார். "ஐம்பது."

"எவ்வளவு வெளிய வருது?"

இயக்குநர் அடுத்த அளவுமானியைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அதிலும் பதிவாகியிருந்த எண்ணை மறைக்க வழி இல்லை. "அதுவும் ஐம்பது," என்றார்.

பின்வரிசையில் நின்ற அவள் எட்டிப் பார்த்தாள். இதோ, உள்ளே போனதேதான் வெளியே வருகிறது என்ற குட்டு உடைந்துவிட்டது. இனி யாரும் எதையும் சொல்ல வேண்டியதே இல்லை.

அம்மையார் முகம் மலர்ந்தது. "அப்போ ஒரு சொட்டுகூட வீணாகல!"

கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. இயக்குநர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன்னடக்கத்தோடு தலை குனிந்தார்.

நன்றியுரைக்கு அவள் மேடையேறினாள். கைப்பையில் இரண்டு பக்கத்துக்கு உண்மையை எழுதி வைத்திருந்தாள். அதை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. ஐம்பதும் ஐம்பதும் ஒன்றுதான் என்று கண்ணெதிரே பார்த்த பிறகும் கை தட்டியவர்களிடம் இரண்டு பக்கத்தை வாசித்து என்ன ஆகப்போகிறது? அவளுக்கு வேண்டியது உலை. ஒன்பது வாரம்தான் பாக்கி இருந்தது.

"இந்த மாமனிதரும் இந்த மகத்தான செல்லும் நமக்குக் கிடைத்த பேறு," என்று தொடங்கினாள். "ஆனால் ஒரே ஒரு மனக்குறை. ஐயாயிரத்து எண்ணூறு மணி நேரம் தேயாமல் இருந்த ஒரு செல்வத்தை இன்னும் எத்தனை நாளைக்கு இருட்டு உலைக்குள் போட்டு வாட்டப்போகிறோம்? வருகிறவர்களும் போகிறவர்களும் கண்குளிரப் பார்க்க, அதை முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் அல்லவா வைக்க வேண்டும்!"

"அருமையான யோசனை," என்றார் அம்மையார். "நாளைக்கே வைங்க."

இயக்குநர் அவளைப் பார்த்தார். அவள் கை கூப்பினாள்.

உலையைத் திறந்தபோது செல் இரண்டு துண்டாக, பூச்சு உரிந்து, கன்றிப்போய்க் கிடந்தது. "இது பாக்க நல்லா இல்ல," என்று இயக்குநர் ஒதுக்கிவிட்டார். நீல வெல்வெட் விரித்த கண்ணாடிப் பெட்டியில், இரண்டு விளக்குகளுக்கு நடுவே, டம்மி போய் அமர்ந்தது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் வரிசையில் வந்தார்கள்.

இரண்டாம் மாடியில் எட்டாம் எண் ஏறியது. அவளே வயர்களைக் கையால் தடவி, உலைக்குள் போகிறதா என்று மூன்று தடவை பார்த்தாள். டிகிரி டிகிரியாகச் சூடேற்றினாள். மின்சாரத்தைத் திறந்துவிட்டு அளவுமானிகளின் முன் உட்கார்ந்தாள். உள்ளே ஐம்பது போயிற்று. வெளியே ஐம்பது, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து என்று ஏறி, ஐம்பத்தேழில் வந்து நின்றது.

"ஏழு," என்றார் தொழில்நுட்பர் மெல்ல.

"ஏழு," என்றாள் அவள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு தேக்கரண்டிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் அது எந்தச் சிலிண்டரிலிருந்தும் வந்தது இல்லை. தண்ணீரிலிருந்து, அவள் அரைத்த பூச்சின் தயவில் வந்தது.

இயக்குநர் மறுநாள் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "கணக்கு உதைக்குதே. ஏழாம் எண்ல ஐம்பது போனா ஐம்பது வந்துச்சு. இதுல ஏழு கூடுதலா வருது. எங்கயோ கசியுது, பாருங்க."

"கசிஞ்சா குறையும் சார். கூடாது."

"அதான் எனக்கும் சந்தேகமா இருக்கு," என்றார் இயக்குநர். இரண்டு நாள் அவளும் தொழில்நுட்பரும் ஒவ்வொரு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, கசிவு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

எட்டாம் எண் நாற்பத்திரண்டு நாள் ஓடியது. ஆயிரம் மணி நேரம். மற்ற இடங்களில் மூன்று, நான்கு சதவீதம் ஏறுகிற கோடு, அவளுடைய உலையில் அரை சதவீதம்தான் ஏறியிருந்தது. உயிருள்ள கோடு. கொஞ்சம் நடுங்கியது, கரண்ட் ஏறி இறங்கிய நாளில் ஒரு சின்ன மேடு விழுந்தது. கணவர் அதைத் தாளில் அச்சடித்து வாங்கிப் பேக்கரிச் சுவரில் ஒட்டிவைத்தார். "ஓரம் லேசாத்தான் கருகியிருக்கு," என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

இதற்கிடையில் இயக்குநருக்கு மூன்று வருடப் பணி நீட்டிப்பு கிடைத்தது. ஏழாம் எண்ணைப் பற்றிய மாத அறிக்கையும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் அது தேயவில்லை.

ஒப்பந்தத்தின் கடைசி நாளில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அதைப் பிரிக்காமலே பேக்கரிக்கு எடுத்துப் போனாள். கணவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, உறையைக் கிழித்து, உரக்கப் படித்தார்:

"தங்களது எட்டாம் எண் செல், ஆயிரம் மணி நேரத்தில் அரை சதவீதம் தேய்ந்திருப்பதை மதிப்பீட்டுக் குழு ஆழ்ந்த கவலையுடன் கவனத்தில் கொண்டது. இதே காலத்தில் முன்கூடத்திலுள்ள ஏழாம் எண் யாதொரு தேய்மானமும் இன்றி உள்ளது. ஆகவே தங்கள் ஒப்பந்தத்தை நீட்டிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். தேய்மானத்துக்கான காரணத்தைக் குழு மூன்று அமர்வுகளில் விரிவாக ஆராய்ந்தது. மேற்படி செல் வேலை செய்ததே காரணம் எனத் தெரியவருகிறது. இந்நிறுவனத்தில் இதற்கு முன்னுதாரணம் இல்லை."